தோர் காமிக்ஸில் எது புராணம், எது கற்பனை?

மார்வெல் நிறுவனத்துக்காக வால்டர் சைமன்சன் எழுதிய தோர் காமிக்ஸ் இதழ்களைப் படித்து முடித்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது இது: சுர்ட்டர், ஹெலா, உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு, பீட்டா ரே பில், இவர்களில் யார் நிஜமாகவே நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) புராணத்தில் இருக்கிறார்கள்? மூலக் கதைகளை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? கடைசியில் "புராணத்தைக் கெடுத்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பட்டியலில் பீட்டா ரே பில் மட்டும்தான் முழுக் கற்பனை, மற்றவர்கள் புராணத்தில் இருப்பவர்கள்; காமிக்ஸ் முழுவதையும் எடுத்தால் கற்பனை நிறையவே உண்டு. ஆனால் சைமன்சன் மூலத்தைக் கரைத்துக் குடித்தவர். அவர் அதை விட்டு விலகும் இடங்களை மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த விலகல்களுக்கே மூலத்தில் காரணம் கிடைக்கும்.

முதலில் "மூலம்" என்று எதைச் சொல்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். நார்ஸ் தெய்வக் கதைகளுக்கு நம்மிடம் இருக்கும் முக்கிய எழுத்து ஆதாரங்கள் இரண்டு. ஒன்று 'கவிதை எடா' எனப்படும் பாடல்கள். இதன் தலையாய கையெழுத்துப் பிரதி ஐஸ்லாந்தில் 1270 வாக்கில் எழுதப்பட்டது. 45 தோல் ஏடுகள் மிஞ்சியிருக்கின்றன, நடுவே 8 ஏடுகள் தொலைந்துவிட்டன. 1662இல் டென்மார்க் அரசருக்குப் போன அந்தப் பிரதி 1971 ஏப்ரலில்தான் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. இன்னொன்று, ஸ்னோரி ஸ்டூர்லுசன் 1220 வாக்கில் எழுதிய 'உரைநடை எடா'. ஐஸ்லாந்து கிறிஸ்தவ நாடானது கி.பி. 1000 வாக்கில். ஆக, இடித் தெய்வம் தோரையும் அவர் தந்தை ஓடினையும் யாரும் கும்பிடாமல் போய் இரண்டு நூற்றாண்டுகள் கழிந்த பிறகு, கிறிஸ்தவர்கள் எழுதிவைத்த கதைகளைத்தான் நாம் மூலம் என்கிறோம். பாடல்கள் அதைவிடப் பழையவை என்பதில் பெரும்பாலானோர் உடன்படுகிறார்கள். எந்தப் பாடல் எவ்வளவு பழையது என்பதில்தான் சண்டை. தெய்வங்கள் மடியும் உலக முடிவுப் போரான ரக்னராக்கின் வருணனையில் கிறிஸ்தவ இறுதித் தீர்ப்பின் நிழல் எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதும் இன்றுவரை தீராத வழக்கு. எனவே "அசல்" என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானம் தேவை.

உறுதியாகச் சொல்லக்கூடியவையும் உண்டு. தோர் மாட்டுத் தலையைத் தூண்டிலில் மாட்டி, உலகைச் சுற்றிக் கிடக்கும் அந்தக் கடல் பாம்பைப் பிடித்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு இழுத்த இழுப்பில் தோரின் கால்கள் படகின் அடிப்பலகையைப் பிய்த்துக்கொண்டு கீழே போய்விட்டன என்கிறார் ஸ்னோரி. ஸ்வீடனில் ஆல்டூனா என்ற ஊரில் 11ஆம் நூற்றாண்டு ரூன் கல் (பழைய ரூன் எழுத்து பொறித்த நினைவுக்கல்) ஒன்று இருக்கிறது. கையில் ஓங்கிய சுத்தியல், தூண்டில் கயிறு, படகின் அடியில் துளைத்து நீட்டிக்கொண்டிருக்கும் கால் எல்லாம் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஸ்னோரி பேனா பிடிப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, கடல் தாண்டி இன்னொரு நாட்டில் அந்தக் கால் கல்லில் ஏறிவிட்டது. இந்தக் கதை ஸ்னோரியின் சொந்தச் சரக்கு அல்ல என்று தைரியமாகச் சொல்லலாம்.

இனி காமிக்ஸ். தோர் முதலில் வந்தது 'ஜர்னி இன்டு மிஸ்டரி' 83ஆம் இதழில், 1962 ஆகஸ்ட் தேதியிட்டது. கதைச்சுருக்கம் ஸ்டான் லீ, வசனம் லாரி லீபர், ஓவியம் ஜாக் கர்பி. டொனால்ட் பிளேக் என்ற கால் ஊனமான டாக்டர் நார்வேயில் ஒரு குகைக்குள் ஊன்றுகோலைக் கண்டெடுக்கிறார். பாறையில் அடித்ததும் கோல் சுத்தியலாகிறது, அவர் தோர் ஆகிறார். பிளேக், 60 வினாடி சுத்தியலைப் பிரிந்தால் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும் விதி, சுத்தியலின் 'ஊரு' உலோகம், சனிக் கிரகத்துக் கல் மனிதர்கள் எல்லாம் முழுக்க முழுக்க மார்வெலின் கற்பனை. மூலத்துத் தோருக்குச் சிவப்புத் தாடி, இரண்டு ஆட்டுக்கடாக்கள் இழுக்கும் தேர், பலத்தை இரட்டிப்பாக்கும் இடைவார், சுத்தியலைப் பிடிக்க இரும்புக் கையுறை. கர்பி வரைந்தது தாடியில்லாத பொன்முடித் தோர். 97ஆம் இதழிலிருந்து 'அஸ்கார்ட் கதைகள்' (அஸ்கார்ட் என்பது தெய்வங்களின் உலகம்) என்ற ஐந்து பக்கத் துணைத்தொடர் ஆரம்பித்த பிறகுதான் லீயும் கர்பியும் மூலக் கதைகளைக் கையில் எடுக்கிறார்கள். அங்கிருந்துதான் அந்த உலகம் விரிகிறது.

படிப்பவர்கள் அதிகம் குழம்பும் இடம் சுத்தியல். "தகுதியுள்ளவரே தூக்க முடியும்" என்ற விதி புராணத்தில் எங்குமே இல்லை. இதற்கு நல்ல சாட்சி திரிம்ஸ்க்விதா என்ற பாட்டு. திரிம் என்ற அரக்கன் சுத்தியலைத் திருடி எட்டுக் காத ஆழத்தில் புதைத்துவிட்டு, ஃப்ரேயா என்ற தேவதையைக் கட்டிக்கொடுத்தால்தான் தருவேன் என்கிறான். தோரே மணப்பெண் வேடம் கட்டிக்கொண்டு முக்காட்டோடு போகிறார். விருந்தில் ஒரு முழு மாடும் எட்டு சால்மன் மீன்களும் தின்று, மூன்று பீப்பாய் தேன்மது குடிக்கிறார். மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வருகிறது. தோழி வேடத்தில் இருக்கும் தந்திரக்காரன் லோகி, ஆசையில் பெண் எட்டு இரவு சாப்பிடவே இல்லை என்று சமாளிக்கிறான். மணப்பெண்ணை ஆசீர்வதிக்கச் சுத்தியலைக் கொண்டுவந்து மடியில் வைக்கிறார்கள். அப்புறம் நடப்பதை ஊகிக்கலாம். கவனிக்க வேண்டியது, அரக்கர்கள் அதைச் சாதாரணமாகத் தூக்கி வருகிறார்கள் என்பதுதான். ரக்னராக்குக்குப் பிறகு தோரின் மகன்கள் மோதியும் மாக்னியும் சுத்தியலை வைத்திருப்பார்கள் என்று இன்னொரு பாட்டு சொல்கிறது. அங்கேயும் தகுதிச் சோதனை எதுவும் இல்லை. எறிந்தால் குறி தப்பாது, கைக்குத் திரும்பி வரும் என்பது மட்டும் மூலத்தில் உள்ளது. பிடி குட்டையாக இருப்பதும் மூலம்தான். புரொக் என்ற குள்ளன் துருத்தி ஊதும்போது லோகி ஈயாக வந்து இமையைக் கடித்தான், கண்ணில் இரத்தம் வழிய, துடைக்க ஒரு கணம் கையை எடுத்தான், பிடி சிறுத்துப்போனது. மார்வெல் சுத்தியலின் பிடியும் குட்டைதான், பார்த்திருப்பீர்கள். தகுதி விதி கற்பனை என்றாலும் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாமல் பீட்டா ரே பில் கதையே இல்லை. குதிரை முகம் கொண்ட அந்த விண்வெளி வீரர் எந்தப் புராணத்திலும் இல்லாதவர். 337ஆம் இதழில் தோரின் சுத்தியலை எடுத்துவிடுகிறார், அட்டைப் படத்திலேயே 'தோர்' என்ற தலைப்பெழுத்தை உடைத்து நொறுக்குகிறார்.

லோகி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூலத்தில் லோகி தோரின் தம்பி அல்ல. ஓடினோடு இரத்தத்தைக் கலந்து உறவு பூண்டவன். தகப்பன் ஃபார்பாவுத்தி, தாய் லாவ்ஃபே. மார்வெல் தாயின் பெயரை அரக்க அரசனான தகப்பனுக்குக் கொடுத்துவிட்டது. ஓடின் அவனைக் கொன்று குழந்தை லோகியைத் தத்தெடுத்ததாகக் கதை. லோகிக்குக் கோயில் இருந்ததாகவோ அவன் பெயரில் ஊர்கள் இருந்ததாகவோ தடயமே கிடைக்கவில்லை. தோரின் பெயரிலோ ஸ்காண்டிநேவியா முழுக்க ஊர்கள் இருக்கின்றன. ஹெலா மூலத்தில் ஹெல், இறந்தோர் உலகை ஆள்பவள், லோகியின் மகள். உடம்பில் பாதி கருநீலம், பாதி மாமிச நிறம். காமிக்ஸில் மேலாடை கழன்றால் பாதி உடல் அழுகித் தெரிவதற்கு இதுதான் வேர். இருள் எல்ஃப்கள் என்ற மாய இனத்தைப் பற்றி ஸ்னோரி சொல்வது சில வரிகளே. காமிக்ஸில் அவர்களின் தலைவனான மாலெகித் புதுப் பாத்திரம். ஆனால் அவன் தேடும் பேழையிலிருந்து பூமி மீது கொட்டும் குளிரைப் பாருங்கள். ரக்னராக்குக்கு முன்பு கோடையே இல்லாமல் மூன்று குளிர்காலங்கள் தொடர்ந்து வரும் என்று மூலம் சொல்லும் ஃபிம்புல் குளிர்தான் அது.

இப்போது சைமன்சனுக்கு வருவோம். 1983 நவம்பர் தேதியிட்ட 337 முதல் 1987 ஆகஸ்டின் 382 வரை அவர் ஆட்சி. 337ஆம் இதழின் தொடக்கத்திலேயே, எங்கோ விண்வெளியில் இருட்டில் யாரோ உலோகம் அடிக்கிறார்கள். 'டூம்' என்று பக்கத்தையே அடைக்கும் எழுத்து. யார் அடிக்கிறார், என்ன செய்கிறார் என்று சொல்வதில்லை. அடுத்தடுத்த இதழ்களிலும் கதைக்கு நடுவே அதே ஓசை வந்துவந்து போகிறது. மாதக்கணக்கில் காக்கவைத்த பிறகுதான் அது தீ அரக்கன் சுர்ட்டர், அடிப்பது ஒரு வாள், வாளின் பெயர் 'அந்தி' என்று தெரிகிறது. ஜான் வொர்க்மன் கையால் வரைந்த அந்த எழுத்து வெறும் ஓசை அல்ல, பட்டறை வாசலில் நின்று கேட்கிற மாதிரி பக்கத்தின் எடையை மாற்றுகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சம்மட்டி ஓசை, விதி என்று இரண்டும் பொருந்தும். மூலத்துக்குப் போனால் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. கவிதை எடாவின் வோலுஸ்பா பாட்டில் உள்ள சொல் 'ரக்னராக்', அதாவது தெய்வங்களின் விதி. ஸ்னோரி எழுதுவது 'ரக்னரொக்கர்', தெய்வங்களின் அந்தி. சிறு எழுத்து வித்தியாசத்தில் பொருள் மாறிவிட்டது. "தெய்வங்களின் அந்தி" என்ற பிரபலமான மொழிபெயர்ப்பு ஸ்னோரியின் வடிவத்திலிருந்து வந்தது. காமிக்ஸில் ஓசை விதியாகவும் வாள் அந்தியாகவும் இரண்டு வாசிப்புகளுமே இருக்கின்றன. இது திட்டமிட்டதா தற்செயலா என்று நான் சாதிக்கப்போவதில்லை. பக்கங்களில் இருப்பதைச் சொல்கிறேன்.

சுர்ட்டர் போரில்தான் பெரிய மாற்றம். மூலத்தில் சுர்ட்டர் தெற்கிலிருந்து தீயோடு வருவான், அவனோடு மோதி மடிவது ஃப்ரேய் என்ற தெய்வம்; கெர்த் என்ற பெண்ணுக்காகத் தன் வாளைக் கொடுத்துவிட்டதால் வெறுங்கையோடு நிற்பான். ஓடினை விழுங்குவது ஃபென்ரிர் ஓநாய், லோகி தெய்வங்களின் காவலனான ஹெய்ம்டாலோடு மோதி இருவரும் சாவார்கள். சைமன்சன் இந்த ஜோடிகளைக் கலைத்துவிடுகிறார். 353ஆம் இதழில் சுர்ட்டரை எதிர்த்து ஓடினும் தோரும் லோகியும் தோளோடு தோள் நிற்கிறார்கள். ஒருவர் அஸ்கார்டுக்காக, ஒருவர் மனிதர் உலகுக்காக, லோகி தனக்காக. கடைசியில் ஓடின் சுர்ட்டரோடு பிளவுக்குள் போகிறார். மூலம் தெரிந்தவர்களுக்கு லோகி இந்தப் பக்கம் நிற்பதே தூக்கிவாரிப்போடும். அவன் தெய்வங்களுக்கு எதிரான கப்பலில் வர வேண்டியவன். ஆனால் அவன் சுயநலத்தை மறைக்காமல் நிற்கிறான் என்பதால் மூலத்து லோகியிடமிருந்து அவ்வளவு தூரமும் இல்லை. அங்கேயும் அவன் பாதி நேரம் தான் உண்டாக்கிய சிக்கலைத் தானே அவிழ்ப்பவன்.

361, 362ஆம் இதழ்களை மெதுவாகப் படியுங்கள். நரகத்தில் சிக்கிய மனித ஆத்மாக்களை மீட்கத் தோர் படையோடு இறந்தோர் உலகமான ஹெல்லுக்குப் போகிறார். எக்சிக்யூஷனர் ஸ்கர்ஜ் மார்வெல் பாத்திரம். காலமெல்லாம் எதிரியாக இருந்தவன், ஒரு மாயக்காரி பின்னால் அலைந்து எல்லாராலும் சிரிக்கப்பட்டவன். அவன் கோடரி நாக்ல்ஃபாரை அழிக்கிறது. இறந்தவர்களின் நகங்களால் கட்டப்படும் கப்பல் அது. நகம் வெட்டாமல் யாரையும் புதைக்காதீர்கள், கப்பல் சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஸ்னோரியே எச்சரிக்கிறார். பிறகு திரும்பும் வழியில் துரத்தி வரும் படையைத் தடுக்க ஒருவர் பாலத்தில் நின்றாக வேண்டும். தோர் தானே நிற்கிறேன் என்கிறார். ஸ்கர்ஜ் பின்னாலிருந்து அவரை அடித்து மயக்கிவிட்டு, துப்பாக்கிகளோடு பாலத்தில் தனியாக நிற்கிறான். அந்தப் பாலம் கியல்லார்ப்ரு, மூலத்திலேயே உள்ளது: பொன் வேய்ந்த பாலம், காவலுக்கு மோத்குத் என்ற பெண். இறந்துபோன ஓடினின் மகன் பால்டரை மீட்க ஒன்பது இரவுகள் குதிரை ஓட்டி வந்த ஹெர்மோத் அதைக் கடக்கும்போது அவள் சொல்கிறாள்: நேற்று இறந்தவர்களின் ஐந்து படைகள் இதன் மேல் போயின, ஆனால் உன் ஒருவன் கீழேயே பாலம் அவ்வளவுக்கு அதிர்கிறது, உன் நிறமும் பிண நிறமாக இல்லையே. உயிருள்ள ஒருவன் ஒரு படைக்குச் சமமாகக் கனக்கும் பாலம் அது. அந்த வரியை மனத்தில் வைத்துக்கொண்டு ஸ்கர்ஜ் நிற்கும் பக்கங்களைப் பாருங்கள். மூலத்தில் இல்லாத ஆளை, மூலத்தில் இதைவிடப் பொருத்தமான இடத்தில் நிறுத்தியிருக்க முடியாது.

364 முதல் 366 வரை தோர் தவளையாகும் கதையைப் பலர் விளையாட்டு என்று தள்ளுகிறார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் தவளைகளுக்கும் எலிகளுக்கும் போர்! எனக்கு அது தொடரிலேயே மூலத்தின் ருசி மிகுந்த பகுதிகளில் ஒன்று. மூலத்தில் தோரை அவமானப்படுத்திப் பார்ப்பதில் பாடியவர்களுக்குத் தனி ஆனந்தம். மணப்பெண் வேடம் ஒன்று. ஸ்க்ரீமிர் என்ற அரக்கனின் கையுறைக் கட்டை விரலை அறை என்று நினைத்து இரவெல்லாம் அதற்குள் ஒளிந்தது இன்னொன்று. உத்கார்தா-லோகியின் மண்டபத்தில் ஒரு கிழவியிடம் மல்யுத்தத்தில் முழங்கால் போட்டது மற்றொன்று. அந்தக் கிழவிதான் முதுமை என்று பிறகு தெரிகிறது. உருவம் சிறுத்தும் தோர் தோராகவே இருப்பதுதான் இந்தக் கதைகளின் சாரம்.

இனி 380ஆம் இதழ். வழக்கமாக ஒரு பக்கத்தில் ஐந்து, ஆறு கட்டங்கள் இருக்கும். இதில் பக்கங்களைக் கட்டமாகப் பிரிக்காமல் ஒவ்வொன்றையும் ஒரே பெரிய படமாக விட்டிருக்கிறார்கள். சைமன்சன் அமைப்பு, சால் பசீமா முடிப்பு. தோரும் பாம்பும் மோதுவது மட்டும்தான் கதை. இடியையும் பாம்பையும் எதிரெதிராக நிறுத்துவது மிகப் பழைய வழக்கம். இந்திரனும் விருத்திரனும் அதே குடும்பம் என்று ஒப்பீட்டு அறிஞர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வோலுஸ்பா இந்தப் போரை இரண்டு மூன்று வரியில் முடிக்கிறது: தோர் பாம்பைக் கொல்வார், ஒன்பது அடி நடப்பார், விழுவார். பாம்பின் நஞ்சால் என்று விளக்குகிறார் ஸ்னோரி. முடிவு எல்லாருக்கும் முன்பே தெரியும், தெய்வங்களுக்கும் தெரியும். காமிக்ஸில் ஹெலா ஏற்கெனவே தோருக்கு ஒரு சாபம் கொடுத்திருக்கிறாள்: எலும்புகள் நொறுங்கும், ஆறாது, ஆனால் சாகவும் முடியாது. அதனால்தான் கவசம் பூட்டிக்கொண்டு போகிறார். பாம்பு சாகிறது, தோரின் உடம்பு கூழாகிறது, உயிர் மட்டும் போகவில்லை. விதியை வெல்ல மாவீரம் பயன்படவில்லை, எதிரியின் வன்மம் பயன்பட்டது. விதியை மறுக்காமல், அதிலேயே ஒரு சந்து கண்டுபிடித்து நுழைந்திருக்கிறார் சைமன்சன். புராணத்தைக் கெடுத்துவிட்டார்களோ என்று கேட்டீர்கள் அல்லவா? இந்த இதழ்தான் என் பதில்.

வசன நடை பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. மார்வெல் தோர் பேசும் பழைய ஆங்கிலம் ஷேக்ஸ்பியர் காலத்துச் சாயல். நார்ஸ் பாடல்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூலப் பாட்டின் அடி குட்டையானது, அடியின் இரு பாதிகளையும் கட்டுவது எதுகையோ இயைபோ அல்ல, மோனை. நம் காதுக்கு அது பழக்கமானது. மொழிபெயர்ப்பு தேர்ந்தெடுக்கும்போது வாய்விட்டு நாலு வரி படித்துப் பாருங்கள். இயைபு போட்டு நீட்டி முழக்கியிருந்தால் வேறு பதிப்பைப் பாருங்கள்.

மறுபடி படிக்க நான் சொல்லும் வரிசை இது. 337 முதல் 353 வரை ஒரே மூச்சில் படியுங்கள். பிறகு உரைநடை எடாவில் கில்ஃபகின்னிங் என்ற பகுதியை எடுங்கள். 54 சிறு அத்தியாயங்கள், இரண்டு மாலைகளில் முடியும். அதில் 49ஆம் அத்தியாயத்தை, பால்டர் சாவும் பாலமும் வருவது, 361க்குச் சற்று முன்பு இன்னொரு முறை படியுங்கள். 45 முதல் 47 வரை உள்ள உத்கார்தா-லோகி கதையைத் தவளைக் கதைக்கு முன்பு. மீன்பிடிக் கதையான 48ஐயும் ரக்னராக் சொல்லும் 51ஐயும் 380க்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியல் செய்த கதை ஸ்கால்ட்ஸ்கபர்மால் என்ற அடுத்த பகுதியில் இருக்கிறது. 356உம் 370உம் சைமன்சன் எழுதாதவை, விட்டுவிட்டால் நஷ்டமில்லை. பால்டரைப் பற்றிய நான்கு இதழ்த் தனித்தொடர் 361 முதல் 367 வரையிலான இதழ்கள் வந்த அதே மாதங்களில் வெளியானது, அதை விடாதீர்கள். தொகுப்பு வாங்குவதானால் வண்ணத்தைப் பாருங்கள்: 2011இல் வந்த பெரிய தொகுப்பு முழுவதும் புதிதாக வண்ணமிடப்பட்டது, கண்ணுக்கு வழவழப்பாக இருக்கும். வொர்க்மனின் தடித்த எழுத்தும் சைமன்சனின் கூரான கோடும் எனக்குப் பழைய தட்டையான வண்ணத்தில்தான் சரியாக உட்காருகின்றன. பழைய இதழ் ஒன்றாவது கையில் கிடைத்தால் 'டூம்' வரும் பக்கத்தை இரண்டிலும் அருகருகே வைத்துப் பாருங்கள்.